கூட்டுத்தொகை 236

மாமல்லபுரத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் கல்பாக்கம். 1983இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையம் அங்கேதான் இருக்கிறது. அதன் உலைக்குள் யுரேனியம்-235 அணுக்கரு ஒரு நியூட்ரானை விழுங்கி 236 ஆகிறது, பெரும்பாலும் உடனே பிளக்கிறது. ஒரு முறை பேரியம்-141, கிரிப்டான்-92, மூன்று நியூட்ரான்கள். அடுத்த முறை வேறு துண்டுகள். எவை வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கூட்டிப் பார்த்தால் மட்டும் எப்போதும் 236தான்.

எண்கள் தற்செயலானவை, கூட்டுத்தொகை மாறாதது. இப்படிப்பட்ட எண்களைக் கணினியில் உண்டாக்குவது எளிது என்றுதான் தோன்றும். நான்கு எண்கள், கூட்டுத்தொகை 100 என்று வைத்துக்கொள்வோம்.

புதிதாக நிரல் எழுதுபவர் முதல் எண்ணை 0 முதல் 100க்குள் ரேண்டமாக எடுப்பார். மிச்சத்துக்குள் இரண்டாவது, அதன் மிச்சத்துக்குள் மூன்றாவது, மீந்தது நான்காவது. கூட்டுத்தொகை சரியாக வரும். பல்லாயிரம் முறை ஓட்டிச் சராசரி பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும்: 50, 25, 12.5, 12.5. பந்திக்கு முந்தியவருக்கே பாதி!

கொஞ்சம் அனுபவப்பட்டவர் நான்கையும் 0 முதல் 1க்குள் தனித்தனியே எடுத்து, அவற்றின் மொத்தத்தால் வகுத்து, 100ஆல் பெருக்குவார். இப்போது எல்லாவற்றுக்கும் சராசரி 25. பலர் இங்கேயே திருப்தியடைந்துவிடுகிறார்கள், ஏனென்றால் இதிலுள்ள கோளாறு சராசரியில் தெரியாது. எல்லாப் பங்கீடுகளுக்கும் சம வாய்ப்பு இருந்தால், ஏதாவது ஓர் எண் 90ஐத் தாண்டுவது ஆயிரத்தில் நான்கு முறை நடக்க வேண்டும். இந்த வழியில் அது ஏறத்தாழ 4,400 முறைக்கு ஒரு தடவைதான் நடக்கிறது. எண்கள் நடுவிலேயே குவிந்துகொள்கின்றன.

சரியான வழி கரும்பு வெட்டுவது போன்றது. 100 செ.மீ. கரும்பில் கண்ணை மூடிக்கொண்டு மூன்று இடங்களைக் குறித்து வெட்டினால் நான்கு துண்டுகள் கிடைக்கும். நிரலில், 0 முதல் 100க்குள் மூன்று எண்களை எடுத்து, ஏறுவரிசையில் அடுக்கி, அடுத்தடுத்த இடைவெளிகளை அளக்க வேண்டும்; இரு முனைகளையும் சேர்த்துத்தான். முழு எண்களே வேண்டும், எதுவும் பூஜ்யமாகக் கூடாது என்றால், 1 முதல் 99 வரை மூன்று வெவ்வேறு எண்களை எடுங்கள். மொத்தம் 1,56,849 வழிகள். எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. பைத்தானில் எடுத்த எண்ணைத் திரும்ப எடுக்காத 'சாம்பிள்' கட்டளை இருக்கிறது, வேலை சுலபம்.

ஆனால் இதே வெட்டை யுரேனியத்தின் மேல் போட்டால் விடை தப்பாகிவிடும். அணுக்கரு அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு பிளப்பதில்லை. சரிபாதியாகப் பிளப்பது அபூர்வம். ஒரு துண்டு 95ஐ ஒட்டியும் மற்றது 140ஐ ஒட்டியும் அமைவதே வழக்கம். அதனால் பிளவைக் கணினியில் நிகழ்த்திப் பார்ப்பவர்கள், சோதனைகளில் அளந்து தொகுத்த அட்டவணையின்படி ஒரு துண்டின் நிறை எண்ணை எடுக்கிறார்கள். வெளிவரும் நியூட்ரான்களின் எண்ணிக்கையையும், சராசரி சுமார் 2.4 வருமாறு, எடுக்கிறார்கள். மற்றத் துண்டு கழித்தலில் கிடைத்துவிடுகிறது. முதலில் நாம் ஒதுக்கிய 'மிச்சம் கடைசிக்கு' வழிதான் இது! அட்டவணை இயற்கையை ஒட்டி இருப்பதால் இங்கே அது பொருந்துகிறது.

உங்கள் நிரலுக்கு எந்த வகைப் பங்கீடு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எழுதி முடித்ததும் கூட்டுத்தொகையோடும் சராசரியோடும் நின்றுவிடாமல், 90ஐத் தாண்டியவை எத்தனை என்றும் எண்ணிப் பாருங்கள்.