ஆறாத பருவம் – 7: மூன்று வருடக் கெடு

சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளாகி, ஆவடி லோக்கல் ரயிலில் பெட்டிச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பவர்களைச் சென்ற வாரம் பார்த்தோம். பின்னால் யாரும் வந்துவிடக் கூடாதென்று உடம்பு போட்டுக்கொள்ளும் காவல் அது. மேலே போகலாம்.

இந்த வாரம் சிகிச்சை முறைகளைச் சொல்வதாக இருந்தது. ஆனால் இந்தக் கொடுமைக்கு வழக்குப் போடவே கெடு வைத்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468-ஆம் பிரிவைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1973-ஆம் ஆண்டுச் சட்டம் அது. மூன்று வருடம் வரை சிறைத்தண்டனை உள்ள குற்றமென்றால், நடந்த மூன்று வருடத்துக்குள் வழக்கு நீதிமன்றம் ஏறியாக வேண்டியிருந்தது. சிறுமியிடம் ஒருவன் தவறாகக் கைவைத்தால் அன்றைக்குப் பாய்ந்தது இந்திய தண்டனைச் சட்டம் 354. 2013 வரை அதற்கு அதிகபட்சம் இரண்டு வருடம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏழு வயதில் கொடுமைக்கு ஆளான குழந்தைக்குப் பத்து வயதிலேயே கெடு முடிந்துவிடும்! ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, வீட்டுக்குள் வந்துபோகும் பெரியவர்மீது யாரிடம் போய், என்னவென்று புகார் சொல்லும்? தாமதத்தை மன்னிக்க 473-ஆம் பிரிவில் வழி இருந்தது. அதைக் கேட்டு வாதாடவும் ஆள் வேண்டுமே. ஜெர்மனியில் பாதிக்கப்பட்டவருக்கு 30 வயது ஆகும்வரை கெடுவின் கணக்கே தொடங்காது.

சொல்லாமல் இருப்பதும் பிழைத்துக் கிடக்கும் வழிகளில் ஒன்று. மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட 13 மாநில ஆய்வில், 53 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சொன்னார்கள். பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. பலருக்குத் தங்கள் மகளுக்கு அதே வயது வரும்போதுதான் பழைய நினைவெல்லாம் கிளம்புகிறது. குழந்தைக்குத் தலை பின்னும் கை நடுங்குகிறது. உறவுக்காரர் அவளைத் தூக்கினால் நெஞ்சு அடைக்கிறது. அதற்குள் முப்பது வருடம் ஓடியிருக்கும்.

கனடாவில் விஞ்ஞானியாக இருக்கும் பூர்ணிமா கோவிந்தராஜுலு, சென்னையில் சிறுமியாக இருந்தபோது உறவினர் ஒருவரால் வருடக்கணக்கில் பட்டதை ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு வெளிப்படையாகச் சொன்னார். புகாரைப் பதிவு செய்ய வழியில்லாததால் கையெழுத்து இயக்கம் தொடங்கினார். அன்றைய மத்திய அமைச்சர் மேனகா காந்தி அதைக் கையிலெடுத்தார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் புகார் கொடுக்கக் காலக்கெடு இல்லை என்று சட்ட அமைச்சகம் 2018 அக்டோபரில் தெளிவுபடுத்தியது.

ஆனால் போக்சோ அமலுக்கு வந்தது 2012 நவம்பர் 14-இல். அதற்கு முந்தைய குற்றங்களுக்குப் பழைய சட்டம்தான். பூர்ணிமா போராடிப் பெற்றது பின்னால் வந்த பிள்ளைகளுக்குப் பயன்படும். அவர் தலைமுறைக்கு இல்லை. இந்த அநியாயம் இன்னும் தீரவில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு: அனைத்து மகளிர் காவல் நிலையத்தை அணுகலாம், பிள்ளைகளுக்காக 1098. பெரியவர்கள் மனநல உதவிக்கு 14416-ஐ அழைக்கலாம்.

கண்ணசைவைக் கொண்டு செய்யும் இ.எம்.டி.ஆர். சிகிச்சை அடுத்த வாரம்.

(தொடரும்)