பூட்டைச் சோதிக்கும் விஞ்ஞானம்

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள லேக் மார்க்கெட், தமிழர் பலர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் வட்டாரமாகும். அங்கே கறிகாய் வாங்குவோர் கைபேசி மூலம் பணம் செலுத்துவதும் இன்று வழக்கமாகிவிட்டது. பணம் பற்றிய செய்தி பிறர் கண்ணிற் படாதிருக்க, மறைமொழியாக மாற்றப்பட்டே செல்கிறது. அம்மறைமொழி உறுதியானதுதானா என்று சோதிப்பதும் ஒரு விஞ்ஞானமாகும்.

இதற்கு அந்நகரமே உதாரணம் தருகிறது. ஆர்சி4 என்னும் மறைமொழி முறையை 1987-ல் அமெரிக்க அறிஞர் ரொனால்டு ரிவெஸ்ட் வகுத்தார். 0 முதல் 255 வரையுள்ள எண்களை ஒழுங்கின்றித் தோற்றுவித்து, செய்தியின் எழுத்துக்களோடு இணைப்பது அம்முறை. ஒவ்வோர் எண்ணும் சராசரியாக 256-ல் ஒரு முறையே வரவேண்டும். ஆனால் இரண்டாம் இடத்தில் பூஜ்யம் ஏறக்குறைய இருமடங்கு வருவதை 2001-ல் மான்டின், ஷமீர் என்னும் இருவர் கண்டனர். பூஜ்யத்தோடு இணைந்த எழுத்து மாறுவதில்லை. ஆதலால் ஒரே செய்தி வெவ்வேறு திறவுகோல்களால் பன்முறை அனுப்பப்பட்டால், அவ்விடத்தில் மிகுதியாகக் காணப்படும் எழுத்தே மூல எழுத்தென ஊகிக்கலாம். ஒரு நிறுவையில் புலப்படாத தராசின் கோணல், ஆயிரம் நிறுவைகளில் வெளிப்படுவது போன்றதே இது.

மூன்றாம் இடம் முதல் 255-ஆம் இடம் வரையிலும் இத்தகைய சாய்வு உண்டென்பதை 2011-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் சுபமய் மைத்ரா, சௌரவ் சென் குப்தா ஆகியோரும், யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் கௌதம் பாலும் நிறுவினர். இவ்வாறான ஆராய்ச்சிகள் திரண்டதன் பயனாக, 2015 பிப்ரவரியில் பாதுகாப்பான இணையத் தொடர்புக்கு ஆர்சி4 கூடாதென விதிக்கப்பட்டது.

அறிஞர்கள் சோதித்தது முறையையேயன்றிப் பிறர் உடைமையை அன்று. அனுமதியின்றி, நேர்மையற்ற நோக்குடன் பிறர் கணிப்பொறியில் நுழைவோருக்கு 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. திறமை ஒன்றே, அனுமதியும் நோக்கமுமே வேறுபடுகின்றன.

இவ்வேறுபாட்டை இளைஞர் பலர் அறியார். இணையத் தாக்குதலை விலைக்குத் தேடிய பிரிட்டிஷ் இளைஞருக்கு 2017 இறுதி முதல் 2018 நடுப்பகுதி வரை, அது குற்றமென விளம்பரம் காட்டப்பட்டது. அக்காலத்தில் அந்நாட்டில் அத்தகைய தாக்குதல்களின் பெருக்கம் தணிந்ததெனவும், அமெரிக்காவில் அது தொடர்ந்ததெனவும் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் 2019-ல் வெளியிட்டனர்.

ஆகவே, கணிப்பொறியில் ஆர்வமுள்ள மாணவனை ஐயுறுதல் வேண்டா. தன் சொந்தக் கருவியில் சோதிக்கவும், கண்ட குறையைச் செர்ட்-இன் என்னும் மத்திய அரசு நிறுவனத்திற்குத் தெரிவிக்கவும் ஆசிரியர் பழக்குவாராக. பணத்தை இழந்தோர் தாமதமின்றி 1930 என்னும் தொலைபேசி எண்ணை அழைக்கவேண்டுமெனக் களப்பணியாளர் மக்களுக்கு எடுத்துரைத்தல் நலம்.