கருவிலேயே மது பாதித்த குழந்தை: பெற்றோர் எதைப் படிக்கலாம்?

ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதி. கர்ப்பத்தின் ஒன்பது மாதங்களை நினைவுபடுத்தும் வகையில் செப்டம்பர் 9-ஐ, கருவில் மதுவால் ஏற்படும் பாதிப்புகள் குறித்த விழிப்புணர்வு நாளாக 1999 முதல் உலக நாடுகள் பலவற்றில் கடைப்பிடிக்கிறார்கள். இத்தகைய குழந்தைகளை வளர்ப்பவர்களுக்கு எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே.

எஃப்ஏஎஸ்டி என்றால் என்ன?

கர்ப்பிணி அருந்தும் மது நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவைச் சென்றடைகிறது. அதை முறிக்கும் திறன் சிசுவின் கல்லீரலுக்குப் போதாது. இதனால் மூளைக்கும் உடலுக்கும் உண்டாகும் பலவகைப் பாதிப்புகளின் பொதுப்பெயர்தான் எஃப்ஏஎஸ்டி. பிரான்ஸ் மருத்துவர் பால் லெமுவான் 1968-லேயே இதைப் பதிவு செய்தார். 1973-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் இதன் கடுமையான வடிவத்துக்குப் பெயர் சூட்டினர்.

என் மகனின் முகத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. அப்படியென்றால் பாதிப்பு இல்லைதானே?

அப்படி முடிவு செய்துவிடக் கூடாது. சிறிய கண்கள், மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் இடையே பள்ளம் இல்லாத சருமம் ஆகிய அடையாளங்கள் சிறு பகுதியினருக்கே இருக்கும். முகம் கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் உருவாகிவிடுகிறது. மூளையோ பிரசவம் வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது.

நேற்றுப் போட்ட கணக்கை இன்று தெரியாது என்கிறான். வேண்டுமென்றே செய்கிறானா?

இல்லை. நினைவில் நிறுத்துவதும் திட்டமிடுவதும் அவன் மூளைக்குக் கடினம். “பல் தேய்ச்சு, குளிச்சு, யூனிஃபார்ம் போட்டு, பையை எடுத்துட்டு வா” என்று ஒரே மூச்சில் சொன்னால், பல் தேய்த்ததோடு குளியலறையிலேயே நின்றுவிடுவான். அடிப்பதால் மூளை மாறாது, அச்சம்தான் கூடும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். செய்ய வேண்டியவற்றைப் படமாக வரைந்து, வரிசைப்படி குளியலறைக் கதவில் ஒட்டுங்கள். தினமும் அதே நேரம், அதே வரிசை, அதே சொற்கள் இருக்கட்டும்.

எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம்?

டயான் மால்பின் எழுதிய ‘ட்ரையிங் டிஃபரன்ட்லி ராதர் தேன் ஹார்டர்’ சிறிய நூல். பிள்ளையைத் திருத்தப் போராடுவதைவிட, அவனுக்கு ஏற்றபடி வீட்டையும் வகுப்பறையையும் மாற்றுங்கள் என்பதே அதன் சாரம். இதை முதலில் படியுங்கள். அடுத்து, அலாஸ்காவிலிருந்து 1993-ல் வந்த ‘ஃபென்டாஸ்டிக் அன்டோன் சக்சீட்ஸ்’. வளர்ப்பவர்களின் அனுபவங்கள் நிறைந்த இந்த நூல் நம்பிக்கை தரும். மருத்துவ விவரங்களுக்கு ஆன் ஸ்ட்ரைஸ்குத்தின் 1997-ஆம் ஆண்டு நூல் உதவும்.

மைக்கேல் டோரிஸ் தம் வளர்ப்பு மகனைப் பற்றி எழுதிய ‘த ப்ரோக்கன் கார்ட்’ (1989) அமெரிக்காவில் பெரும் விழிப்புணர்வை ஏற்படுத்தியது. ஆனால் துயரம் மிகுந்தது. நோய் தெரியவந்த புதிதில் அதைக் கையில் எடுக்க வேண்டாம். இவை அனைத்தும் ஆங்கில நூல்கள். ஆங்கிலம் சிரமம் என்றால், படித்துச் சொல்லக்கூடிய உறவினரையோ சிறப்பாசிரியரையோ துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இது குணமாகுமா?

முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. கவனக்குறைவு, தூக்கமின்மை போன்றவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆறு வயதுக்குள் கண்டறியப்படுவதும், வன்முறையில்லாத நிலையான வீடு அமைவதும் பிற்காலச் சிக்கல்களைக் குறைப்பதாக ஸ்ட்ரைஸ்குத் குழுவினர் 1996-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகின்றனவோ அவ்வளவு நல்லது.

தாயைக் குறை சொல்லலாமா?

கூடாது. கர்ப்பம் என்றே தெரியாத வாரங்களில் குடித்தவர்கள் உண்டு. குடிநோயில் சிக்கியவர்களும் உண்டு. பழிச்சொல்லுக்கு அஞ்சித் தாய் உண்மையை மறைத்தால், நோயறிதல் தள்ளிப்போய்க் குழந்தைதான் பாதிக்கப்படும். கர்ப்ப காலத்தில் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என்பதைக் குடும்பம் முழுவதும் அறிந்திருக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். படித்தவற்றில் உங்கள் பிள்ளைக்குப் பொருந்துவதை ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். வீடும் பள்ளியும் ஒரே முறையைப் பின்பற்றினால் பிள்ளையின் பாதிச் சுமை குறையும்.