பங்கசு அல்லாத பங்கசு: தாடை என்பின் ஓர் அரிய நோய்

அக்டினோமைக்கோசிஸ் என்ற சொல்லைப் பிரித்தால் கிரேக்கத்தில் ‘கதிர்ப் பங்கசு’ என்று பொருள் வரும். 1877இல் ஜெர்மனியில் மாட்டின் தாடைக் கட்டியிலிருந்த கிருமியை நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள், கதிர்போல் விரிந்த இழைகளைக் கண்டு பங்கசு என்றே பெயரிட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஜேம்ஸ் இஸ்ரேல் மனிதரிலும் அதைக் கண்டு எழுதினார். உண்மையில் அது பக்டீரியா. தமிழ் படிப்பிக்கிற எனக்கு இது சுவையான சொல்லாராய்ச்சி. நோயாளிக்கு அப்படியல்ல; பங்கசு மருந்து இதற்குக் கேட்காது, பெனிசிலின்தான் கேட்கும்.

மனிதரில் இதை உண்டாக்கும் கிருமி நம் வாயிலேயே, பல்லிடுக்கில் சும்மா கிடப்பது. சூத்தைப் பல், பல் பிடுங்கிய குழி, தாடை முறிவு, புற்றுநோய்க்குக் கொடுத்த கதிர்ச் சிகிச்சை என்று ஏதாவது வழி திறந்தால், ஒட்சிசன் குறைந்த இழையத்துக்குள் இறங்கி மெல்லப் பரவும். சில வேளை என்பையும் அரிக்கும். தாடையோரம் பலகைபோல் இறுகும். பெரிய நோவு இராது. பிறகு தோலில் துவாரம் விழுந்து சீழ் வடியும், மூடும், திரும்பவும் திறக்கும். சீழில் தெரியும் மஞ்சள் மணிகளைக் ‘கந்தக மணிகள்’ என்பார்கள். நிறத்துக்காக வந்த பெயர், கந்தகத்தால் ஆனவை அல்ல. (இந்த நோய்க்குப் பெயர் வைத்தவர்களுக்கு ராசியே இல்லை!)

ஊரில் இதைக் கண்டால் “கென்சர்தான்” என்று முடிவு கட்டிவிடுவார்கள். வைத்தியருக்கும் புற்றுநோயா, காசநோயா என்ற ஐயம் வருவது இயல்பே. ஒரு துண்டு இழையம் எடுத்துப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்க்க 2, 3 வாரம்கூடப் பிடிக்கும். முன்னரே நுண்ணுயிர்கொல்லி விழுங்கியிருந்தால் வளராமலே போகலாம்.

என்பில் இறங்கிவிட்டால் சில வாரம் ஊசி வழியே பெனிசிலின், பிறகு குளிசை. 6 முதல் 12 மாதம் வரை என்பது வழமை. இறந்த என்பை வெட்டியெடுக்கவும் நேரும். வீக்கம் வற்றினதும் “சுகமாயிட்டு” என்று நிறுத்தினால் நோய் திரும்பும்.

இவ்வளவு நீண்ட சிகிச்சைக்கிடையில் றமழானும் வந்துவிடும். 8 மணித்தியாலத்துக்கொரு குளிசை. ஸஹருக்கும் நோன்பு திறப்பதற்கும் இடையிலோ 13 மணித்தியாலம். “நோன்ப விடேலாது சேர்” என்று ஒரு மாணவியின் வாப்பா சொன்னார். நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்ற சலுகை சூறா அல்பகராவின் 184, 185ஆம் வசனங்களிலேயே இருக்கிறது. நாளுக்கு இரு வேளை போதுமான மாற்று மருந்தும் சிலருக்குப் பொருந்தும். ஆனால் அதை வைத்தியரிடம் ஷஃபானிலேயே கேட்க வேண்டும். கேளாமல் பகல் குளிசையை விட்டுவிடுவதுதான் நம்மவரிடம் நான் காணும் வழக்கம்.