தேரியில் மிதிவண்டிப் பயணம்

தமிழ் மரபில் பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். எனினும், பாலையை நினைவூட்டும் செம்மணல் மேடுகள் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளன. குதிரைமொழித் தேரி அவற்றுள் ஒன்று. காற்று கொணர்ந்து குவித்த மணல் இது. துகள்கள்மீது படிந்த இரும்பு ஆக்சைடே இதன் செந்நிறத்துக்குக் காரணம்.

அமராவதி பாயும் கொமரலிங்கத்தின் இறுகிய வண்டிப்பாதையில் மிதிவண்டி ஓட்டிப் பழகிய மாணவர், விடுமுறையில் தேரிக்குச் சென்றால் சக்கரம் மணலில் புதைவதைக் காண்பர். உலர்மணலின் துகள்கள் ஒன்றோடொன்று பற்றி நிற்பதில்லை. டயரின் காற்றைச் சற்றுக் குறைத்தால் அது தட்டையாகி, எடை அகன்ற பரப்பில் பரவும். அகன்ற டயர் பூட்டிய மலைமிதிவண்டி மணலில் எளிதாகச் செல்வதும் இதனாலேயே. ஈரமணல் இறுகியிருக்குமாதலால் மழைக்குப் பிந்தைய காலைப்பொழுது பயணத்திற்கு ஏற்றது. நண்பகல் வெயில் உடலின் நீரை விரைந்து வற்றச்செய்யும். போதிய குடிநீரின்றியும் துணையின்றியும் செல்லலாகாது.

தேரி மணலைப் பிணித்து நிறுத்துபவை பனையும் முந்திரியும் புல்பூண்டுகளுமே. சக்கரங்கள் அவற்றின் இளங்கன்றுகளைச் சிதைத்தால், பிடிப்பிழந்த மணலைக் காற்று வயலுக்கும் வீட்டுக்கும் கொண்டுசெல்லும். எனவே, முன்பே உள்ள தடத்தை விட்டு விலகாது செல்லுதல் பயணியின் கடமையாகும்.