ஈரத்துக்கும் காசா?

ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் தாண்டி ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று போகும்போது 'விறகு அடுப்பு பிரியாணி' என்ற பலகைகள் கண்ணில் படுகின்றன. வீட்டுச் சமையலறையிலிருந்து விறகு பெரும்பாலும் வெளியேறிவிட்டது. முதலில் மாநில அரசு தந்த இலவச கேஸ் அடுப்பு, பிறகு 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டம் என்று வரிசையாக வந்ததில், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்போது தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு வீடுகளுக்கும் மேல் புகையில்லா எரிபொருளுக்கு மாறியிருந்தன. ஆனால் கல்யாணச் சமையல்காரரும் பிரியாணி மாஸ்டரும் விறகை விடவில்லை. அவர்களுக்கு நாள்தோறும் விறகு வேண்டும், அதுவும் சொன்ன நேரத்துக்கு வேண்டும். கொஞ்சம் காலி இடமும் 'சின்ன யானை' என்கிற சிறு சரக்கு வண்டி ஒன்றும் வைத்திருப்பவர், வேறு வேலை பார்த்துக்கொண்டே விறகு வெட்டி, அடுக்கி, விற்பதைப் பக்கத்தொழிலாக நடத்த இங்கே இன்னும் வழியிருக்கிறது. ஆனால் பச்சை விறகை அப்படியே தராசில் ஏற்றி விற்கும் பழக்கம் இருக்கும்வரை அதில் வாங்குபவருக்கு நியாயம் கிடைக்காது, விற்பவருக்கும் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

அன்றைக்கு வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி வரை தண்ணீராக இருக்கலாம். முழுக்க உலர்ந்த கட்டை கிலோவுக்குச் சுமார் 4,400 கிலோகலோரி வெப்பம் தரும். பாதி ஈரமுள்ள கட்டையோ 1,900 அளவில்தான் தரும். பாதி எடையில் எரிய ஒன்றுமில்லை என்பதோடு, அந்தத் தண்ணீரை ஆவியாக்கவும் வெப்பம் செலவாகிறது. ஈரம் எடையில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,400 தருகிறது. இனி ஒரு டன்னுக்குக் கணக்குப் போடலாம். பாதி ஈரமுள்ள ஆயிரம் கிலோவை இந்தப் பதத்துக்குக் காயவைத்தால் மிஞ்சுவது 625 கிலோ. ஆயிரம் கிலோவாக எரித்தால் கிடைப்பது 19 லட்சம் கிலோகலோரி, 625 கிலோவாக எரித்தால் 21 லட்சத்துக்கும் மேல். எடை குறைந்திருக்கிறது, வெப்பம் கூடியிருக்கிறது. போன 375 கிலோவும் தண்ணீர்தான். அதற்கும் சேர்த்துத்தான் சமையல்காரர் இதுவரை பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இது வியாபாரிகளுக்குத் தெரியாததல்ல. கிழக்குக் கடற்கரையோர மணற்பாங்கில் விளையும் சவுக்குதான் சென்னைப் பக்கத்து விறகின் முதுகெலும்பு. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு எரிபொருளாக வளர்க்கத் தொடங்கிய மரம் அது. பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகு படகாக நகரத்தின் விறகுத் தொட்டிகளுக்கு வந்து இறங்கியது. இன்றைக்குச் சவுக்கைக் காகித ஆலைகளும் கூழ்மரமாக டன் கணக்கில் வாங்குகின்றன. எடைக்கு விலை என்றால் வெட்டிய கையோடு லாரியில் ஏற்றுவதுதான் விவசாயிக்கு லாபம், ஒரு வாரம் கிடந்தாலும் எடை இறங்கிவிடும். அங்கே தொடங்கும் அவசரம் தரகர், மண்டி, கடை என்று கடைசிவரை வருகிறது. யாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லத் தேவையில்லை, அளக்கும் முறையே ஈரத்துக்குச் சாதகமாக இருக்கிறது.

'காயவைத்தால் எனக்குத்தானே நஷ்டம்?' என்று விற்பவர் கேட்பார். நியாயமான கேள்வி. பச்சை விறகு கிலோ 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எடை 625 கிலோவாக இறங்கியபின் அதே 8,000 ரூபாய் கைக்கு வர, கிலோ 12 ரூபாய் 80 காசுக்கு விற்கவேண்டும். வாங்குபவரோ வெப்பக் கணக்கில் 14 ரூபாய்க்குச் சற்று மேல் வரை கொடுத்தாலும் அவருக்கு நஷ்டமில்லை. இடையில் இருப்பது ஒன்றரை ரூபாய். அடுக்குகூலி, மாதக்கணக்கில் முடங்கும் முதல், அடைபடும் இடம் எல்லாவற்றையும் அதற்குள் அடக்கவேண்டும் என்றால் யாரும் தயங்கத்தான் செய்வார்கள். ஆகவே வெப்பக் கணக்கு மட்டும் இந்தத் தொழிலைக் காப்பாற்றாது. காப்பாற்றுவது மழை. சென்னை வட்டாரத்து மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த லோடு வந்து இறங்கும்போது, ஐநூறு பேருக்குச் சமைக்க நிற்பவர் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாயைப் பார்க்கமாட்டார், அடுப்பு பிடிக்குமா என்றுதான் பார்ப்பார். அன்றைக்குக் காய்ந்த விறகு யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் விலை.

அதற்கான வேலை தை, மாசியிலேயே தொடங்கவேண்டும். மரத்துக்குள் தண்ணீர் நார் வாக்கில் ஓடி வெட்டுவாய் வழியாகத்தான் வேகமாக வெளியேறும், பட்டை அதை உள்ளேயே பிடித்துவைக்கும். எனவே நீளக்கட்டையாகப் போட்டுவைத்தால் மாதங்கள் போனாலும் நடுவில் ஈரம் நிற்கும். முழங்கை நீளத்துக்கு அறுத்துப் பிளந்தால் கோடை முடிவதற்குள் காய்ந்துவிடும். சவுக்கைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுவது நல்லது. காய்ந்தபின் கோடாலி துள்ளும், ஆப்பும் சம்மட்டியும் தேடவேண்டிவரும். தரையில் கொட்டினால் கரையான் ஏறும். செங்கல் வைத்து, மேலே இரண்டு கழி போட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் காற்றுப் புக அடுக்கவேண்டும். தார்ப்பாய் மேலே மட்டும் போதும். நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினால் உள்ளேயே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கூடுவாஞ்சேரிப் பக்கம் ஏரிகளுக்கும் அவற்றின் போக்குக் கால்வாய்களுக்கும் அருகில் உள்ள தாழ்ந்த மனை மலிவாகக் கிடைத்தாலும் விறகுக்கு ஆகாது. 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை. காய்ந்ததா என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். ஒரே கட்டையில் சுண்ணாம்பால் குறிபோட்டு வாராவாரம் நிறுக்கவேண்டும். எடை இறங்குவது நின்றுவிட்டால் பதம் வந்துவிட்டது. வாங்குபவர் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கலாம். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், முனையில் வெடிப்போடியிருக்கும்.

'மரங்களை அழிக்கும் தொழிலுக்கு வக்காலத்தா?' என்று கேட்பவர்களுக்கு: சவுக்கு சில ஆண்டுகளில் அறுவடையாகும் பயிர், காட்டு மரமல்ல. 1870-களில் இங்கே கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம் வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஏரிகளிலிருந்து அதை அகற்றச்சொல்லி நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வண்டலூர் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது, அப்படி விழும் மரமும் விறகாகும். அடுக்குமாடிகள் எழும் இந்த வட்டாரத்தில் சாரம் கட்டிக் கழித்த சவுக்குக் கம்புகளும் கிடைக்கின்றன, அவை காய்ந்தே வருகின்றன. ஆனால் சாலையோர மரத்திலும் பொது நிலத்து மரத்திலும் அனுமதியில்லாமல் கைவைக்கக் கூடாது. பெயின்ட் பூசிய பலகை, பிளைவுட், அரளி ஆகியவற்றைச் சமையல் விறகோடு கலப்பது பெரிய தப்பு. அந்தப் புகை சோற்றுக்கும் போகிறது, சமைப்பவரின் மூச்சுக்கும் போகிறது.

புகையைப் பற்றிய ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியாது. வீட்டுக்குள் விறகடுப்பு திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், பல தலைமுறைப் பெண்களின் நுரையீரலை அது தின்றிருக்கிறது. ஆனால் மண்டபத்துக் கோட்டை அடுப்பு நாளைக்கே அணையப்போவதில்லை. அதன் முன் நாலைந்து மணி நேரம் வெந்து நிற்பவர் மாதச் சம்பளமில்லாத ஒரு சமையல் தொழிலாளி. ஈர விறகில் அடுப்பின் சூடு ஏறாது, வாயுக்கள் முழுக்க எரியாமல் கரும்புகையாகக் கிளம்பும். காய்ந்த விறகிலும் புகை உண்டு, ஆனால் அவ்வளவு இல்லை. கிலோவுக்கு ஐந்தாறு ரூபாய் கூடக் கேட்கும் விறகுக்காரரிடம் சமையல் கான்ட்ராக்டர் பேரம் பேசும்போது, இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.