ஒரே வாயில் புகையும் நுரையும்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் விடுமுறைக்குச் சுரண்டை வந்திருந்தான். பெங்களூரில் அவனுடைய நண்பர்கள் சிலர், விடுதியிலேயே காய்ச்சி ஊற்றும் பீரையும் வெளிநாட்டுச் சுருட்டையும் ஜோடி சேர்த்துச் சுவைக்கிறார்களாம். கறுப்புச் சுருட்டுக்கு இந்த பீர், வெளிர்நிறச் சுருட்டுக்கு அந்த பீர் என்று கணக்கெல்லாம் உண்டாம். "அதுல நெசமாவே ஏதாவது இருக்கா மாமா, இல்ல சும்மா பந்தாவா?" என்று கேட்டான். கடையில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம்.

இருக்கிறது. மசால் வடையின் காரத்துக்குப் பிறகு டீயின் இனிப்பு தூக்கலாகத் தெரிகிறதே, அதே வேலைதான் அங்கேயும் நடக்கிறது. ஒரு சுவை நாக்கைத் தயார்செய்கிறது, அடுத்தது அதில் ஏறி உட்காருகிறது.

பீருக்கு பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்துகிறார்கள். அதன் பெயர் மால்ட். மால்ட்டை எவ்வளவு வறுக்கிறோமோ அவ்வளவுக்கு நிறமும் மணமும் மாறும். ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரில் காப்பிக்கொட்டை, காய்ந்த வெல்லப்பாகு, லேசான கருகல் எல்லாம் தெரிவது அந்த வறுவலால்தான். கசப்பு, ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வருகிறது. சுருட்டுக்கான இலையோ பறித்தபின் மாதக்கணக்கில் அடுக்கி, சூடேறவிட்டுப் பதப்படுத்தப்படுகிறது. அதில் இலையின் காட்டம் தணிந்து, மண்வாசமும் வறுத்த வாசமும் ஏறும். இரண்டுக்கும் வறுவல் மணம் பொது என்பதால் கறுப்புச் சுருட்டும் ஸ்டவுட்டும் ஒட்டிக்கொள்கின்றன. இலேசான சுருட்டுக்குக் கோதுமை பீர் போல இலேசானது. வலுவுக்கு வலு, மென்மைக்கு மென்மை, அவ்வளவுதான் சூத்திரம். புகை வாயை உலர்த்தும். பீரின் குளிர்ச்சியும் குமிழும் அதைக் கழுவிவிடும். அடுத்த இழுப்பு புதிதாகத் தெரியும்.

சுருட்டு ஒன்றும் நமக்கு அந்நியச் சரக்கு இல்லை. திண்டுக்கல் பக்கத்துப் புகையிலையில் செய்த திருச்சிச் சுருட்டு, விக்டோரியா காலத்தில் கப்பல் கப்பலாகப் போனது. கோனன் டாயில் எழுதி 1887இல் வெளியான முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று சொல்கிறார். லண்டன் வாசகனுக்கு அந்தப் பெயர் புரியும் என்று எழுத்தாளருக்குத் தெரிந்திருக்கிறது.

விடுதியில் காய்ச்சும் அந்தக் கைவினை பீருக்கு நம்மிடம் இருந்த சொந்தக்காரன் கள். பனையில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதனீர். தடவாமல் விட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அன்றைக்கே சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றத் தொடங்கிவிடும். அன்றன்றைக்கு இறக்கி அன்றன்றைக்கே தீர்க்கவேண்டிய, பீர் அளவு வலுவுள்ள பானம். தமிழ்நாட்டில் 1987 தொடக்கத்திலிருந்து தடை. செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் போனால் கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு.

இதுவரை சுவை. மருமகனிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதற்கு அப்பால் இருக்கிறது. சுவை சேருகிற அதே இடத்தில்தான் வேறொன்றும் சேருகிறது.

சுருட்டுப் புகையை நுரையீரலுக்கு இழுப்பதில்லை, வாயிலேயே வைத்து ரசித்து விடுகிறோம், அதனால் சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்று அவன் நண்பர்கள் சொல்கிறார்களாம். வாயிலேயே வைப்பதுதான் பிரச்சினை. சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. அதனால் நிகோட்டின் கன்னத்தின் உட்தோல் வழியாகவே உடம்பில் ஏறும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு நிகரான புகையிலைகூட இருக்கலாம். ஒரு மணி நேரம் அந்தப் புகை நாக்கு, ஈறு, தொண்டை என்று படிகிறது. நடுநடுவே பீர் இறங்குகிறது. மது அந்த உட்தோலின் காவலைத் தளர்த்தி, புகையில் இருக்கும் நச்சு உள்ளே இறங்க வழிவிடுகிறது. போதாததற்கு மது உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாறுகிறது. வாயில் இருக்கும் நுண்ணுயிர்களே அதைச் செய்யும். அசிட்டால்டிஹைடு செல்லின் மரபுப்பொருளைத் தாக்கும்; அந்தச் சேதத்தைச் சரிசெய்யும் வேலையையும் கெடுக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகைபிடித்தலை 1986இலும் மதுவை 1988இலும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உறுதியாக வகைப்படுத்தியது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது. 1988இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டையும் மிக அதிகமாகப் பழகியவர்களுக்கு வாய், தொண்டைப் புற்றுநோய் வாய்ப்பு, இரண்டும் இல்லாதவர்களைவிட 35 மடங்குக்கு மேல் இருந்தது. ஸ்டவுட் ஆனாலும் கள் ஆனாலும் கணக்கில் வருவது உள்ளே போன சாராயச் சத்தின் அளவுதான்.

அவன் தலையாட்டினான். "இங்க யாரு மாமா சுருட்டும் ஸ்டவுட்டும் வச்சிருக்கா?" என்றான். அதே ஜோடி இங்கே வேறு உடுப்பில் இருக்கிறது: டாஸ்மாக் குவார்ட்டரும் பீடிக்கட்டும். இதை யாரும் ரசனை என்று சொல்வதில்லை, வேலை முடிந்த அலுப்பு என்கிறார்கள். வாய்க்குள் நடக்கும் வேலை ஒன்றேதான்.

பீடி சின்னது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அதில் புகையிலைத் தூள் சிகரெட்டில் இருப்பதைவிட மிகக் குறைவு. ஆனால் சுற்றியிருக்கும் இலை காற்றை உள்ளே விடாது, இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் அடிக்கடி, ஆழமாக இழுக்கவேண்டியிருக்கிறது. தாரும் நிகோட்டினும் சிகரெட்டுக்குக் குறையாமல், பல சமயம் கூடுதலாகவே போகிறது. நம் வட்டாரத்தில் வீட்டு வாசலில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டும் பெண்கள் ஒரு பீடிகூடப் பற்றவைக்காதவர்கள். அந்தத் தூளை விரலிலும் மூச்சிலும் வாங்குபவர்கள் அவர்கள். அந்தக் கூலியில் படித்து வந்த பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அவர்களுக்கு மாற்று வேலை கொடுக்காமல் பீடியை மட்டும் ஒழி என்று பேசுவது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

குடிப்பதும் புகைப்பதும் அவனவன் முடிவு. நான் அவனிடம் சத்தியம் எதுவும் வாங்கவில்லை. விட நினைக்கிற நண்பன் இருந்தால் கொடு என்று 1800112356 என்ற எண்ணைச் சொன்னேன். புகையிலையை விட உதவும் கட்டணமில்லாத தேசிய எண் அது. பிறகு, கண்ணாடி முன் நின்று வாயைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். நாக்கை ஒரு பக்கம் இழுத்து அதன் ஓரத்தைப் பார்க்கவேண்டும், அடியையும் பார்க்கவேண்டும், கன்னத்தை விரலால் விரித்து உட்பக்கம் பார்க்கவேண்டும். வெள்ளையாகவோ சிவப்பாகவோ தேய்த்தாலும் போகாத திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் முன்போல் திறக்காமை, கழுத்தில் கட்டி: இதில் எது இருந்தாலும், வலி இல்லை என்று தள்ளிப்போடாமல் தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டவேண்டும். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது.